பத்து மணி மாத்திரை

ஜூன் 3, செவ்வாய்

இந்தக் காலத்து டாக்டர்கள் ஹோட்டல் சர்வர் மாதிரி ஆகிவிட்டார்கள். "மாத்திரையா, டிரிப்பா, உங்களுக்கு எது வசதி, அக்கா?" என்று கேட்கிறாள் அந்த ஷாஹினா. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. எது வசதி என்று எனக்கே தெரிந்தால் நான் எதற்கு ஒன்றரை மணி நேரம் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் காத்துக் கிடக்கிறேன்? இதில் அக்கா வேறு.

ரத்தத்தில் இரும்பு இல்லையாம். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நான்கு. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். நான் ஆபீஸ் மாடிப்படியில் மயங்கி விழுந்தேன் என்று என் வீட்டுக்காரர் சேகர் சொல்லிக்கொண்டு திரிகிறார். விழவில்லை. உட்கார்ந்தேன். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது, அவ்வளவுதான்.

மாத்திரை என்றால் மூன்று மாதம் விழுங்க வேண்டும், வயிறு கட்டும், மலம் கறுக்கும். டிரிப் என்றால் ஒரே நாளில் வேலை முடிந்தது. "உங்க நிலைமைக்கு நான்னா டிரிப்தான் சொல்லுவேன். ஆனா முடிவு உங்களோடது. ரெண்டுலயுமே சில பேருக்கு வாயில இரும்பு வாடை வரும். டிரிப்புல ரெண்டு மூணு நாள்ல போயிடும்" என்றாள்.

சிக்கல் அங்கேதான். நான் டீ டேஸ்டர். குன்னூரில் ஒரு ஏலத் தரகுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக டீயை உறிஞ்சி, துப்பி, தரம் சொல்லி விலை போடுகிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு கப். இந்த நாக்கை நம்பித்தான் நாற்பது ஃபேக்டரிக்காரர்கள் தூங்கி எழுந்திருக்கிறார்கள். எங்கள் தலைமை டேஸ்டர் வர்கீஸ் சார் ஆகஸ்ட் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்கா, என்னைவிடப் பதினான்கு வயது சின்னவனான நவநீதனுக்கா என்பதை ஜூலை 28-ஆம் தேதி ஒரு பரீட்சை வைத்து முடிவு செய்யப் போகிறார்கள். பெயர் ஒட்டாத முப்பது கப். அதில் சில கப் ஒரே டீ, இடம் மாற்றி வைத்திருப்பார்கள். ஒரே டீக்கு இரண்டு விலை சொன்னால் போச்சு. இந்த நேரத்தில் வாயில் இரும்பு வாடையாம்.

டிரிப் என்றால் லீவு. லீவு என்றால் நவநீதன் ஏன் என்று கேட்பான். மாத்திரையே போதும் என்று எழுந்துவிட்டேன்.

"மாதவிடாய் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள். எல்லாருக்கும் போலத்தான் என்றேன். ஏழெட்டு நாள், முதல் மூன்று நாள் கறுப்புச் சுடிதார், கார் சீட்டில் பழைய துண்டு. எந்தப் பெண்ணுக்கு இல்லை இது? ஸ்கேன் எடுங்க என்றாள். பார்க்கலாம் என்றேன். அரிசி, சாக்பீஸ், ஐஸ் எதையாவது மெல்லத் தோணுமா என்று கேட்டாள். நான் என்ன ஸ்கூல் பிள்ளையா?

ஜூன் 4, புதன்

முதல் மாத்திரை. வீட்டில் போட்டால் சேகர் பக்கத்தில் நின்று நான் விழுங்குவதைப் பார்ப்பார், பசுமாட்டுக்கு மருந்து புகட்டுகிற மாதிரி. ஆபீஸிலேயே போட்டுக்கொள்கிறேன். காலை பத்து மணிக்கு முதல் வரிசை கப் முடிந்து இரண்டாவது வரிசை வைப்பார்கள். நவநீதன் போன் பேச வெளியே போவான். அதுதான் நேரம்.

டேஸ்டிங் ரூம் குழாயில் பிளீச்சிங் பவுடர் வாடை. வேலைக்கு நடுவில் எந்த டேஸ்டரும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க மாட்டான். முதல் வரிசையில் நல்ல கப் ஒன்றை மிச்சம் வைத்து அதில் விழுங்கினேன். வெதுவெதுப்பாக இருந்தது, சுகமாக இறங்கியது.

டீ குடிப்பீர்களா என்று நேற்று அவள் கேட்டாள். டீயும் இந்த மாத்திரையும் ஆகாதாம். குடிப்பதில்லை என்றேன். உண்மைதானே. நாங்கள் துப்புகிறவர்கள்.

ஜூன் 8, ஞாயிறு

சேகர் மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். இப்போது சமையலறை வைத்தியராகவும் ஆகிவிட்டார். காலையில் பீட்ரூட் ஜூஸ், மத்தியானம் முருங்கைக் கீரை, சாயங்காலம் பேரீச்சம்பழம். யாரோ போனில் அனுப்பினார்களாம். அனுப்பியவன் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

"அரிசி டப்பா ஏன் கனகா இவ்ளோ சீக்கிரம் காலியாகுது?" என்றார். சமைக்கிறோம், காலியாகிறது. நான் டிவி பார்க்கும்போது ஒரு பிடி மெல்லுவேன். பச்சரிசிக்கு ஒரு மணம் உண்டு, அது இவருக்கு எங்கே தெரியப் போகிறது. இன்று இரண்டு பிடி. சரி, மூன்று.

ஜூன் 12, வியாழன்

மாத்திரையைப் பற்றி என் தொழில் பாஷையிலேயே சொல்கிறேன். நிறம்: செங்கல் பொடி. வடிவம்: ஆள் விழுங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. குணம்: அடாவடி. வயிற்றுக்குள் போனதும் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க முறைக்கிறது. நான்கு நாளாகக் கக்கூஸில் குடியிருக்கிறேன். விலை சொல்லச் சொன்னால் ஏலத்திலிருந்தே வெளியே தள்ளுவேன்.

ஆனாலும் ஒரு நாள் தவறவில்லை. பத்து மணி, டீ, மாத்திரை.

ஜூன் 17, செவ்வாய்

இன்று என் நாக்கு யாரென்று காட்டியது.

மாத்திரை தொண்டையில் இறங்காமல் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. மேல்பூச்சு கரைந்து பிசுபிசுத்தது. இன்னொரு வாய் டீ ஊற்றித் தள்ளிவிட்டு இரண்டாவது வரிசைக்குப் போனேன். முதல் கப்பிலேயே பிடித்தேன். இரும்பு வாடை. போஜன் ஃபேக்டரி டீ. கோத்தகிரிப் பக்கம், படுகர், அப்பா காலத்து ஃபேக்டரி. இலை அரைக்கிற ரோலருக்குப் பல் தீட்டிவிட்டுச் சரியாகக் கழுவாவிட்டால் இரும்புத் தூள் டீயில் இறங்கும். அவருடைய நான்கு கப்பிலும் அதே.

நவநீதன் நான்கையும் உறிஞ்சினான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே மேடம். நல்லாத்தானே இருக்கு" என்றான். உனக்குத் தெரிந்தால் நீ ஏன் நவநீதனாக இருக்கிறாய்? வர்கீஸ் சார் சளியில் இருந்தார். "கனகவல்லி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். ஏலத்தில் டீ வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் அறிக்கை போய்விட்டது.

டூத்பேஸ்ட் கம்பெனிக்காரர்களும் இப்போது கலப்படத்தில் இறங்கிவிட்டார்கள். ராத்திரி பல் தேய்த்தால் ஆணியை நக்குகிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை இரண்டாவது வரிசையில் முதல் நான்கு கப் எப்போதும் போஜன் டீதான், மாத்திரை விழுங்கிய கையோடு. மறுபடியும் அதே வாடை. ஒரு தடவை என்றால் தற்செயல் என்பார்கள். இரண்டாவது தடவைக்கு என்ன சொல்வார்கள்?

ஜூன் 25, புதன்

போஜன் நேரில் வந்தார். ஐம்பது வயசிருக்கும், கழுத்தைச் சுற்றி மஃப்ளர், கையில் ஒரு பை ஆரஞ்சு. லஞ்சம் கொடுக்கக்கூடத் தெரியாத மனுஷன்.

"மேடம், நாங்க குடிச்சுப் பார்த்தோம். எங்களுக்குத் தெரியலைங்க."

"உங்களுக்குத் தெரியாதுன்னுதான எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

"அதுவும் சரிதானுங்க. எதுல இருந்து வருதுன்னு சொன்னீங்கன்னா பார்த்துருவேன்."

"ரோலருக்குப் பல் தீட்டறது யாரு?"

"மாசிலாமணிங்க. பதினெட்டு வருஷமா இருக்காரு. அவரு கைல தப்பு வந்ததில்ல."

"இப்ப வந்திருக்கு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஆரஞ்சைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். ஆரஞ்சிலும் என்னவோ வாடை.

ஜூலை 1, செவ்வாய்

மூன்றாவது வாரம். அதே. போஜன் ஃபேக்டரியை நிறுத்திவிட்டாராம், மெஷினைப் பிரித்துப் பார்க்க. செய்யட்டும். என் பேச்சைக் கேட்டவன் கெட்டதில்லை.

ஜூலை 2, புதன்

ஹீமோகுளோபின் ஏழு. ஏறவேண்டியது இறங்கியிருக்கிறது. ஷாஹினா காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களாக்கா?"

"ஒரு நாள் விடல."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பத்து மணிக்கு."

"நாக்க நீட்டுங்க" என்றாள். நீட்டினேன். என் நாக்கைப் பார்த்து ஒருத்தி உதட்டைப் பிதுக்குவது இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. வழுவழுவென்று இருக்கிறதாம். ரத்தம் குறைந்தால் நாக்கும் கெடுமாம், ருசியும் குறையுமாம். மாத்திரையைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் வியாதியைக் கொஞ்சம் யோசிக்கச் சொல்கிறாள். ஓசியில் உபதேசம்.

வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் எஸ்டேட்டில் இலை பறிக்கிற ஒருத்தி, பெயர் பாக்கியம். அவளுக்கும் இதே வியாதி. "நர்சம்மா வாராவாரம் மாத்திர குடுக்கும் கண்ணு. கைய நீட்டி வாங்கி முந்தானைல முடிஞ்சுக்குவேன். செடிக்கு அடியில போட்டுட்டு வந்துருவேன். அதப் போட்டா குமட்டிக்கிட்டு வருது, எல பறிக்க முடியல. ஊசில ஏத்துனாத்தான் எனக்குச் சரிப்படும்" என்றாள். அந்தத் தேயிலைச் செடிகளுக்கு இந்நேரம் இரும்புக்குக் குறைவே இருக்காது. படிக்காதவள், மாத்திரையைத் தூக்கி எறிகிறாள். நானாவது ஒழுங்காக விழுங்குகிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

சேகர் என் கைப்பையில் மாத்திரை அட்டையை எண்ணியிருக்கிறார். கணக்குச் சரியாக இருந்ததும் குழம்பிப் போனார்.

"எதோட போடற கனகா?"

"டீயோட."

அவர் எழுந்தார். சமையலறைக்குப் போய் ஒரு கண்ணாடி டம்ளரில் பால் விடாத கட்டன் டீ ஊற்றிக் கொண்டுவந்தார். ஒரு மாத்திரையைக் கரண்டிக் காம்பால் நசுக்கி அதில் போட்டுக் கலக்கினார். பழைய காலத்தில் பேனா மசி இப்படித்தான் காய்ச்சுவார்கள் என்றார். கஷாயத்தில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளுமாம், உடம்புக்கு விடாதாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் குடிக்கறதில்ல, துப்பறேன்."

"மாத்திரையையும் துப்பறியா?"

டம்ளர் கறுப்பாகிவிட்டது. பழுப்பு இல்லை, கறுப்பு. தேயிலையில் எனக்குத் தெரியாத நிறம் கிடையாது என்று நினைத்திருந்தேன். ஒரு மாதம் தினம் இதைத்தான் குடித்திருக்கிறேன். பாக்கியம் செடிக்குப் போட்டாள், நான் சாக்கடைக்குப் போட்டேன். அவளாவது குமட்டலிலிருந்து தப்பித்தாள்.

ஜூலை 9, புதன்

கறுப்புச் சுடிதார், துண்டு, அதற்கு மேல் இன்னொரு துண்டு. போதவில்லை. ஆபீஸ் நாற்காலியைப் பினாயில் போட்டு நானே துடைத்தேன். நவநீதன் கதவு வரை வந்தவன் உள்ளே வராமல் திரும்பிப் போனான். அவனுக்கு இவ்வளவு நாகரிகம் உண்டு என்று நான் நினைக்கவில்லை, அது வேறு எரிச்சல்.

ஷாஹினாவுக்கு போன் செய்தேன். சனிக்கிழமை டிரிப். சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள்தான், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

நான்கு கட்டில். ஒன்றில் நான். எனக்கு எதிரே ஒரு காலேஜ் பெண். மாத்திரைதான் வேண்டும் என்று அம்மாவிடம் அழுதுகொண்டே டிரிப் ஏற்றிக்கொள்கிறாள், ஊசி பயம். பக்கத்தில் பாக்கியம். எனக்கு முன்னாலேயே வந்து படுத்துக்கொண்டு நர்சை அதிகாரம் செய்துகொண்டிருந்தாள். "நீயும் வந்துட்டியா கண்ணு. மாத்திர சரிப்படலியா?" என்றாள். சரிப்படவில்லை என்றேன். காரணம் சொல்லவில்லை. அவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் அரை நாள் கௌரவத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பாட்டிலுக்குள் இருந்தது நல்ல செம்பழுப்பு. ஊட்டியில் ஜனவரிக் குளிரில் பறிக்கிற இலைக்கு இப்படி நிறம் வரும். அரை மணி நேரம் சொட்டியது. அரை மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்தார்கள். இதற்குத்தானா ஒன்றரை மாதம் பயந்தேன்?

கீழே ஸ்கேனும் எடுத்தாயிற்று. கர்ப்பப்பையில் கட்டி, எலுமிச்சம்பழ அளவு. பயப்படும்படியானது இல்லையாம், ஆனால் ரத்தம் போவது இதனால்தானாம். எத்தனை வருடமாக என்று ஷாஹினா கேட்டாள். ஆறு வருடம் என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். எழுதிக்கொண்டே, "ஆறு வருஷம் தனியா சமாளிச்சிருக்கீங்கக்கா" என்றாள். அந்த அக்கா அவ்வளவு மோசமாக இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

வாயெல்லாம் இரும்பு. தண்ணீரில், தயிர் சாதத்தில், பேஸ்டில், சேகரின் பீட்ரூட்டில். அவள் சொன்னபடியே.

எனக்குப் பழக்கமான வாடை இது. அச்சு அசல் அதுவேதான், கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, அவ்வளவு வித்தியாசம்தான். இரும்பு எங்கிருந்து வந்தாலும் இரும்புதானே. போஜன் டீயிலும் இரும்பு, என் வாயிலும் இரும்பு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஜூலை 16, புதன்

காலையில் எழுந்தபோது வாடை இல்லை. டூத்பேஸ்ட் கம்பெனிக்காரர்கள் திருந்திவிட்டார்கள்.

ஜூலை 17, வியாழன்

ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு டீயிலும் ஒரு டப்பா நாங்கள் மூன்று மாதம் எடுத்து வைப்போம், தகராறு வந்தால் பார்ப்பதற்கு. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சும்மாதான் இருந்தேன். போஜனின் ஜூன் 17 டப்பாவை இறக்கி இரண்டு கப் போட்டேன்.

நல்ல டீ. சுத்தமான டீ. கடைசி வரைக்கும் உறிஞ்சினேன், ஒன்றும் இல்லை. ஜூன் 24 டப்பா, ஜூலை 1 டப்பா. ஒன்றும் இல்லை.

கப்புகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ஜூலை 22, செவ்வாய்

போஜன் மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டார். புது சாம்பிளோடு வந்தார். உறிஞ்சினேன். ஐந்து வாரத்துக்கு முந்தைய டீயும் இதுவும் இரட்டைப் பிள்ளைகள்.

"எப்படி இருக்குங்க மேடம்?"

"சரியா இருக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உங்க நாக்கு இல்லைன்னா எங்க பேரே கெட்டிருக்கும்ங்க. மூணு வாரம் மூடிட்டு, ரோலரையே மாத்திட்டேன். மாசிலாமணிய நிறுத்திட்டேனுங்க. நான் ஒண்ணும் தப்பா செய்யலண்ணே, செய்யலண்ணேன்னு சொல்லிட்டே போனாரு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா மேடமே சொல்லிட்டாங்களேன்னு."

இந்த உலகத்தில் என்னைப் போன்றவர்களை நம்ப நிறைய பேர் இருக்கிறார்கள். முட்டாள் மனுஷன். ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார், போன தடவையை விடப் பெரிய பை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ஆறு நாளில் பரீட்சை.

ஜூலை 28, திங்கள்

முப்பது கப். இடம் மாற்றி வைத்த ஐந்து ஜோடியையும் பிடித்தேன். ஜோடிக்கு ஜோடி விலை பிசகவில்லை. நவநீதன் மூன்று ஜோடிதான். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் கை கொடுத்தார். "நாற்காலி உன்னோடதுதான். ஆர்டர் ஒரு வாரத்துல வந்துடும்" என்றார் வர்கீஸ் சார்.

ஹீமோகுளோபின் ஒன்பது. மாடிப்படி இப்போது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. சேகர் பாயசம் வைத்தார், இனிப்பு ஒரு மடங்கு அதிகம். என் நாக்கு இப்போது எதையும் விடுவதில்லை. டம்ளரை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

ஜூலை 31, வியாழன்

மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை. ரத்தம் ஏறினால் தூக்கம் வரும் என்றார்கள். எதைத்தான் ஒழுங்காகச் சொல்கிறார்கள்?

நான் எல்லாரையும் ஏளனம் செய்கிறவள். சேகர் மசி காய்ச்சிக் காட்டியபோது ஏளனம், ஷாஹினா நாக்கை நீட்டச் சொன்னபோது ஏளனம். நவநீதனுக்கு அன்று ஒன்றும் தெரியவில்லை என்றபோது ரொம்ப ஏளனம். அவன் சரியாகத்தான் சொன்னான். அங்கே ஒன்றும் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதியாயிற்று.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இதை டைப் அடித்து வர்கீஸ் சார் மேஜையில் வைத்தேன்.

"ஜூன் 17, ஜூன் 24, ஜூலை 1 ஆகிய தேதிகளில் போஜன் ஃபேக்டரி தேயிலையில் இரும்பு வாடை இருப்பதாக நான் கொடுத்த அறிக்கை தவறு. அந்த நாட்களில் நான் இரும்புச் சத்து மாத்திரை உட்கொண்டிருந்தேன். வாடை என் வாயில் இருந்தது, தேயிலையில் இல்லை. இது பின்னர் தெரியவந்தது. ஃபேக்டரியின் மீதோ அதன் ஊழியர்கள் மீதோ எந்தத் தவறும் இல்லை. கனகவல்லி, டேஸ்டர்."

அவர் இரண்டு தடவை படித்தார். "கனகா, ஆர்டர் வரட்டும். ஒரு வாரம் பொறு. அப்புறம் அனுப்பலாம். யாருக்கும் நஷ்டமில்ல."

"பொறுக்க முடியாது சார்."

"இது போனா ஆர்டர் உனக்கு வராது."

"தெரியும் சார்."

ஏற்கெனவே இரண்டு வாரம் நன்றாகவே பொறுத்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் எல்லாருக்கும், போஜனுக்கும் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆர்டர் வந்தது. நவநீதன் பெயரில். "மேடம், நீங்க இருக்கற இடத்துல நான்..." என்று ஆரம்பித்தான். போய் வேலையைப் பார் என்றேன்.

போஜன் போனில் பேசினார். அவர் என்னைத் திட்டவில்லை. அவரிடம் எனக்கு இதுதான் பிடிக்காதது. "மாசிலாமணிய கூப்பிட்டேனுங்க. வரமாட்டேங்கறாரு. பதினெட்டு வருஷம் கூட இருந்தவன நம்பாம ஒரு காகிதத்த நம்புனீங்க, இப்ப இன்னொரு காகிதத்த காட்டிக் கூப்பிடறீங்களான்னு கேக்கறாரு" என்றார்.

ஆகஸ்ட் 9, சனி

மாசிலாமணி வீட்டு விலாசம் வாங்கிக்கொண்டு போனேன். சேகர் வருகிறேன் என்றார். காரிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் ஏறினேன். அறுபது படி. மூச்சு வாங்கவில்லை.

மாசிலாமணி வாசலில் ஒரு பழைய மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லி உடம்பு, மூக்குக் கண்ணாடி, விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். நான் யாரென்று சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. பாக்கெட்டிலிருந்து என் கடிதத்தின் நகலை எடுத்தார். நான்காக மடித்து வைத்திருந்தார். விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இது பின்னர் தெரியவந்ததுன்னு போட்டிருக்கீங்க. பின்னர்னா எப்பங்க?"

இந்தக் கேள்வியை வர்கீஸ் சார் கேட்கவில்லை. போஜன் கேட்கவில்லை. பொய் சொல்லலாம் என்று தோன்றியது, வாய் வரைக்கும் வந்தது.

"ஜூலை பதினேழு" என்றேன்.

அவர் விரலை மடக்கி எண்ணினார். "பதினஞ்சு நாளு. அதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"ஒரு பரீட்சை இருந்துது. அது முடியட்டும்னு இருந்தேன்."

"பாஸ் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

கடிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். கையைத் துணியில் துடைத்தார். என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார், அவசரப்படாமல்.

"திங்கக்கெழம வேலைக்கு வர்றேன்னு போஜனண்ணன்கிட்ட சொல்லிருங்க. நீங்க வந்து நின்னதுக்காக இல்ல. புது ரோலருக்கு எவனோ பல்லு தீட்டியிருக்கானாம், கன்னாபின்னான்னு. அத நான் போய்ப் பாக்கணும்" என்றார். திரும்பி மிக்ஸியைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் அங்கே இல்லை அவருக்கு.

கீழே இறங்கி வந்தேன். என்ன சொன்னார் என்று சேகர் கேட்டார். வேலைக்கு வருகிறாராம் என்றேன்.

அவர் பார்த்த அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பத்தாறு வயது வரைக்கும் நான் ஊரில் எல்லாரையும் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன். எதிரே நின்று வாங்கிக்கொண்டது இன்றைக்குத்தான்.